மூன்றில் ஒரு பங்கு

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக
தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்றை
காஸ்த்ரோ கடைத்தெருவில் பார்த்து வைத்திருந்தாள் எல்சீரா.
விலையைக் கேட்டதும் பௌதிலியோ சொன்னான்:
"அந்தக் காசுக்கு
வீட்டின் வடக்குச் சுவரையே மூடிவிடலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

சிலோயே தீவில் மழை வடக்கிலிருந்துதான் வரும்.
அந்தப் பக்கச் சுவருக்கு மர ஓடு,
மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று.
நான் தச்சன், பௌதிலியோவுக்கு அண்ணன் முறை.
சைப்ரஸ் பிளந்து இருநூற்றுப் பத்து ஓடு
கொட்டகை வாசலில் அடுக்கினேன்.
பக்கத்தில் தார்ச் சட்டி, தட்டைப் பென்சில்,
பிள்ளைகள் தொடக்கூடாத, பழுக்கக் காய்ச்சிய ஓர் ஆணி.
ஆளுக்கொரு ஓடு. எழுதிக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை:
ஓட்டில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே தெரியும்.
மேல் இரண்டு பங்கு
அடுத்த வரிசைக்கு அடியில் போய்விடும்.

ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அக்கார்டியனில்
ஒரு கட்டை ஒட்டிக்கொண்டு விடாமல் முனகியது.
சனங்கள் எழுதினார்கள்.
சால்மன் பண்ணை ஆட்கள் பெயருக்குப் பதில்
ஷிஃப்ட் எண்ணைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.
எழுதத் தெரியாத தெல்ஃபின் வராஸ்
தன் படகை வரைந்தார், நங்கூரக் கயிறோடு;
கயிறு ஓட்டின் விளிம்பில் நிற்காமல்
மேசைமேலும் கொஞ்ச தூரம் போயிற்று.
நொல்பெர்த்தா மாமி எழுதினாள்:
"நூறு வருஷம் வாழுங்கள். கோதுமை மாவு
மூன்று மூட்டை பாக்கி."
பாதிரியார் ஓர் ஓட்டில் அடங்கவில்லை.
நான்கு கேட்டார்.

எல்சீராவின் தங்கை ஒஸ்வால்தினா வந்தாள்.
அப்பாவின் நிலத்தைப் பிரித்த நாளிலிருந்து
இருவருக்கும் பேச்சில்லை.
ஆனாலும் வந்தாள், இரண்டு படகு மாறி, நனைந்த ஷூவோடு.
பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு பாட்டு முடியும்வரை நின்றாள்.
பிறகு ஓட்டை என்னிடம் நீட்டினாள்.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
வெறும் மரம்.
இதை எந்த வரிசையில் அடிப்பது?
கருவிப் பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன்.

திங்கள் முதல் வியாழன் வரை அடித்தேன்.
ஊரே என் சுத்தியலுக்குக் கீழே.
எல்லாவற்றையும் படித்தவன் நான் ஒருவன்தான்.
எல்சீராவைப் பற்றி ஒருவன் எழுதியிருந்ததை
(பெயர் வேண்டாம், இன்றைக்கும் என்னோடு சீட்டாடுகிறான்)
முகம் உள்பக்கம் இருக்கத் திருப்பி அடித்தேன்.
மாமியின் நூறு வருஷம் உள்ளே போனது.
மாவுப் பாக்கி வெளியே நின்றது.
வேண்டுமென்று செய்யவில்லை.
அவள் எழுதிய வரிசை அப்படி.

மறு வருஷம், ஜூன் மழை.
பென்சில் எழுத்தை எல்லாம் அது தின்று முடித்திருந்தது,
தார் மட்டும் பாக்கி, அதாவது மாமி.
பௌதிலியோ வந்து கதவைத் தட்டினான்:
"ஒரே ஓர் இடத்தில் ஒழுகுகிறது. கட்டில் தலைமாட்டில்."

ஏணி போட்டு ஏறினேன்.
பாதிரியாரின் நான்கில் மூன்றாவது ஓடு
நெடுக விரிந்திருந்தது.
ஆமென் இருந்த நான்காவதுக்கு ஒன்றும் ஆகவில்லை.
கையில் வேறு ஓடு இல்லை,
பெட்டியின் அடியில் கிடந்த அது தவிர.
அடித்தேன். இரண்டு ஆணி.

எல்சீரா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.
சாம்பல் பூத்த சுவரில் அது மட்டும் மஞ்சளாக இருந்தது.
"இது யாருடையது?"
"ஒஸ்வால்தினாவுடையது."
கீழிருந்து வரிசைகளை விரலால் எண்ணினாள்.
பதினொன்று.
"ஒன்றும் எழுதவில்லையா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.
தொழிலில் தெரிந்ததைச் சொன்னேன்:
"வெளியே தெரிவது மூன்றில் ஒரு பங்குதான்."

அவள் உள்ளே போனாள்.
தலைமாட்டுச் சுவரைத் தடவியிருக்க வேண்டும்.
ஜன்னல் வழியாகக் குரல் வந்தது:
"நின்றுவிட்டது."